பாட்டு நம்முது, பத்திரம் யாருது?

போன ஞாயிறு சாயங்காலம் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற டீக்கடையில் ஒரு சண்டை. கைகலப்பு இல்லை, பாட்டுச் சண்டை. ஒரு தம்பி பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்க்கிறவன். இன்னொரு தம்பி சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. இரண்டு பேருமே 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வெறியர்கள். அந்தக் குழுவின் முதல் மேடையில் யாரோ செல்போனில் எடுத்த ஆடிய வீடியோ ஒன்றை நினைவட்டையில் நகை மாதிரி பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான் ஒருவன். இன்னொருவன், அதில் இருக்கிற வரிதான் அசல், பிறகு வெளியிட்டதில் மாற்றிவிட்டார்கள் என்கிறான். இந்த அளவில் இருந்திருந்தால் நான் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பேன்.

பேச்சு அங்கிருந்து கம்பெனி ஒப்பந்தத்துக்குப் போனது. "கம்பெனில கையெழுத்துப் போட்டா அன்னைக்கே வித்துட்டாங்கன்னு அர்த்தம்" என்றான் மில் தம்பி. "போடாததாலதான்டா இத்தனை வருஷமா வயித்துப் பாட்டுக்கே அலையுறாங்க" என்றான் வக்கீல் தம்பி. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

அன்றைக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. பேருந்து வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன்.

கையெழுத்துப் போட்டார்களா இல்லையா என்பதை வைத்துக் கலைஞனை எடை போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. போட்டால் துரோகி, போடாவிட்டால் தியாகி. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று நம்மில் ஒருவரும் கேட்பதில்லை. நிலப் பட்டாவில் ஒரு எழுத்து மாறியதால் பஞ்சமி நிலம் கைவிட்டுப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாட்டு விஷயத்தில் மட்டும் ஏன் பத்திரத்தைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறோம்?

புதிதாக வருகிற தோழர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 2017இல் இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் தேடிப் பிடித்தார்கள். 19 பேர் தேறினார்கள். பலர் வடசென்னையின் கானா பாடகர்கள், பறை, சட்டி, கட்டமோளம் அடிப்பவர்கள். கூட கிடார், டிரம்ஸ். அதில் ஒரே பெண் இசைவாணி. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. எல்லோரும் கோட்டு சூட்டில் வந்து நின்றார்கள். சாவு வீட்டு வாசலில் சட்டை இல்லாமல் நிற்கவைத்துப் பார்த்த வாத்தியத்தைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அடித்தபோது கூட்டம் போட்ட சத்தத்தை அந்த ஆடிய வீடியோவிலும் கேட்கலாம். பெயருக்கான வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. தம் மக்களைச் சாதியற்றவர்களாகப் பதிவு செய்ய வேண்டும் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி வாதாடியவர் அவர். பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதன் எடை அவருக்குத் தெரிந்திருந்தது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, சொந்தக் கையால் சொந்த வரலாற்றை அச்சேற்றியவர் வேறு எப்படி இருப்பார்?

இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக் கொலை என்று குழு பாடாத விஷயம் இல்லை. கூலியும் கொடுத்தார்கள். இசைவாணியை 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அதே இசைவாணி 2018இல் பாடிய ஐயப்பன் பாட்டை 2024 நவம்பரில் திடீரென்று தோண்டியெடுத்து, அவரைக் கொச்சைப்படுத்தி, மிரட்டி, படங்களைத் திரித்துப் பரப்பினார்கள். போலீசில் புகார் கொடுக்கும் நிலைக்குத் தள்ளினார்கள். ஆறு வருடம் கழித்து! பாட்டு குழுவுடையது, வசவு மட்டும் பாடிய பெண்ணுக்கு. 'பழைய வீடியோ' என்பது ரசிகனுக்குப் பொக்கிஷம். எதிரிக்கும் அதுவே கிடங்கு. இதையும் அந்த டீக்கடையில் யாரும் பேசவில்லை.

இனி 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச் 7இல் வந்தது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிக்க, ஏ.ஆர்.ரஹ்மான் துணை நின்ற 'மாஜ்ஜா' என்ற தனியிசை நிறுவனம் வெளியிட்டது. கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது. ஒப்பாரியின் நெளிவு அதில் இருக்கிறது. நிலமற்றவர்கள் நிலத்தைப் பற்றிப் பாடிய பாட்டுக்குக் கல்யாண வீட்டில் எல்லாச் சாதியும் ஆடியது. ஆடட்டும், சந்தோஷம்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், ஊரே கேட்டது, பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில். சில நாளில் அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார்: மெட்டும் வரியும் குரலும் தன்னுடையவை என்று. சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார்: பாட்டு பல பேர் சேர்ந்து உருவாக்கியது, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று. தீயும், தான் எங்கும் அறிவின் பெயரை மறைத்ததில்லை என்றார்.

நம் ஆட்கள் அன்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நான் அறிவு பக்கம். இன்றும் அந்தப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் 2024 மார்ச்சில் நடந்தது என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்தது. பாட்டு வந்து மூன்று வருடம் முடிந்தபோது சந்தோஷ் நாராயணனே ஒரு வீடியோவில் வந்து, இந்தப் பாட்டிலிருந்து நிறுவனம் மூலம் தங்களுக்கு இதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்றார். ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவரே என்றார். இது அவர் தரப்பு. ஆனாலும் பாருங்கள், மூன்று வருடமாக நாம் மெட்டு யாருடையது, அட்டையில் யார் முகம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். சமமாகப் பிரிப்பதாகச் சொன்ன வருமானமே வரவில்லை என்கிறார் பாட்டைத் தயாரித்தவர். சினிமாவில் அத்தனை வருட அனுபவம் உள்ளவருக்கே இந்த நிலை என்றால், நத்தம் பக்கத்துக் கிராமத்தில் ஒப்பாரி பாடுகிற கிழவிக்கு என்ன நிலை?

முகம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் முகத்தை அழித்துவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொள்வது இந்த நாட்டின் பழைய வித்தை. முகத்துக்காக நாம் போட்ட சத்தத்தில் பாதியைக்கூட காசுக்காகப் போடவில்லை என்பதுதான் என் குறை. காசைப் பற்றிப் பேசுவது போராளிக்கு அழகில்லை என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவர்களுக்கு நிலம் இருந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை நடந்திருக்கிறது. 'தி லயன் கிங்' படத்தில் சிங்கம் தூங்குகிறது என்று ஒரு பாட்டு வருமே, நம் வீட்டுப் பிள்ளைகளும் முணுமுணுப்பது. அதன் மூலம் தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா. சூலு மொழிப் பாடகர், ஜோகன்னஸ்பர்க்கில் காலோ என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1939இல் 'ம்புபே' என்ற பாட்டைத் தன் குழுவோடு அங்கேயே பதிவு செய்தார். பத்து ஷில்லிங்குக்கு உரிமையை எழுதிக்கொடுத்தார் என்கிறார்கள். அது அமெரிக்காவுக்குப் போய் 1950களில் ஒரு பெயரிலும், 1961இல் இன்னொரு பெயரிலும் உலகப் புகழ் பெற்றது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். 2000இல் ரியான் மலான் என்ற பத்திரிகையாளர் இதை விரிவாக எழுதினார். எழுதியது அதே 'ரோலிங் ஸ்டோன்' பெயருள்ள அமெரிக்கப் பத்திரிகையில், வேடிக்கைதான். 2004இல் லிண்டாவின் மகள்கள் தரப்பு டிஸ்னி மீது வழக்குப் போட்டது. 2006இல் சமரசம் வந்தது.

அந்த வழக்குக்குப் பிடி எங்கே கிடைத்தது தெரியுமா? 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில். படைப்பாளி தன் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 வருடம் கழித்து அது வாரிசுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு பிரிவு அதில் இருந்தது. அப்பாவை ஏமாற்றிய காகிதத்தை மகள்கள் இன்னொரு காகிதத்தால் மடக்கினார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வக்கீல் தேவைப்பட்டார். சட்டக் கல்லூரித் தம்பி, நான் உன்னைத்தான் பார்க்கிறேன்.

நம் நாட்டுச் சட்டத்திலும் பிடி இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 2012இல் திருத்தப்பட்டது. பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உரிமையை எழுதிக்கொடுத்தாலும், ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. சினிமாப் பாட்டு, தனிப்பாட்டு இரண்டுக்கும் இது பொருந்தும். "எல்லா உரிமையும் விட்டுக்கொடுத்தேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அந்தப் பகுதி செல்லாது. உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருடம் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாத பட்சத்தில், அது காலாவதி. பாடுகிறவருக்கும் வாத்தியம் அடிக்கிறவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று உண்டு. பறை அடிக்கிறவர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறாரா?

எனக்கும் அது தெரியாமல்தான் இருந்தது. கேசட் காலத்தில் எங்கள் பகுதிப் பறைக்குழுவை ஒரு பதிவுக்கூடத்துக்காரர் கூப்பிட்டார். ஒரு பகல் முழுக்க அடித்தார்கள், பாடினார்கள். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச உள்ளே இடமில்லை என்று ரோட்டோரம் காய்ச்சி ஓடி ஓடி வந்து அடித்தார்கள். சாயங்காலம் ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொஞ்சம் பணமும். அந்தக் கேசட் அம்பேத்கர் ஜெயந்தி தோறும், பிறகு கோயில் திருவிழாவிலும், கட்சி ஊர்வலத்திலும் ஒலித்தது. அட்டையில் குழுவின் பெயர் இல்லை. தலைமை வாத்தியக்காரரின் மகன் இன்று யூடியூபில் அப்பாவின் அடியைப் போட்டால் உரிமைப் புகார் வந்து நிற்கிறது. மகன், அப்பாவுடைய கைக்கு அந்நியன். அன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கியிருக்கலாம். குழுவை அழைத்துப்போன ஆளே நான்தான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நாட்டுப்புறப் பாட்டு எல்லோருக்கும் சொந்தம், அதற்கு உரிமை கேட்பது முதலாளித்துவம் என்பார்கள். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்மில் பலருக்குப் பரட்டை அண்ணன், பாட்டை மக்கள் தங்கள் வாயில் போட்டு மாற்றிப் பாட வேண்டும் என்பதையே தன் இசையின் உயிராக வைத்திருந்தார். அவரை மதிக்கிறேன். அவர் பாட்டுகள் கைமாறிக் கைமாறிப் போய்ச் சேர்ந்த தெருக்களில்தான் நானும் அரசியல் படித்தேன். ஆனால் அவர் சொன்ன மக்கள் சேர்ந்து சாப்பிடுகிற மக்கள். இன்று 'எல்லோருக்கும் சொந்தமான' பாட்டை எடுத்து நல்ல ஒலிப்பதிவு செய்து மேலே ஏற்றுகிற நிறுவனம் அந்தப் பதிவுக்குத் தனியுரிமை பெறுகிறது. மூலப் பாட்டு பொது, பதிவு தனியார். ஊர்ப் பொதுக் கிணறு என்று சொல்லி நம்மைத் தள்ளிநிற்கவைத்த கணக்குதானே இது?

திண்டுக்கல்லில் வேறொரு வழியையும் பார்த்திருக்கிறோம். சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மாவட்டத்தில் தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்றுக்கொடுத்து மேடையேற்றியிருக்கிறது. ஆண்கள் சாவுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட தோலைப் பெண்கள் தோளில் மாட்டி, சாவுக்கு அடிக்க மறுத்து ஆடினார்கள். ஜோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் இந்தக் குழுவைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஆவணப்படமே எடுத்திருக்கிறார். சென்னைக் குழுவின் பழைய வீடியோவுக்கு அடித்துக்கொள்கிற நம் தம்பிகளில் எத்தனை பேர் பக்கத்தில் இருக்கிற இந்தக் குழுவின் ஆட்டத்தை முழுசாகப் பார்த்திருக்கிறார்கள்? அரிய பதிவு வேண்டுமென்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. நிலக்கோட்டைக்கும் வத்தலக்குண்டுக்கும் டவுன் பஸ் இருக்கிறது.

இனி கசப்பான பகுதி. நேரடி நிகழ்ச்சி. ஏப்ரல் 14 வந்தால் நாமும் விழா நடத்துகிறோம். பந்தல்காரருக்கு முழுப் பணம். மைக்செட்டுக்கு முன்பணம், இல்லாவிட்டால் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கவே மாட்டார். ஃபிளெக்ஸ் அடிக்கிறவருக்குக் கையில் காசு. கலைக்குழுவிடம் மட்டும் "தோழர், நம்ம நிகழ்ச்சி, பஸ் சார்ஜ் குடுத்துர்றோம்" என்போம். தலைவர்கள் பேசி முடிக்க ஒன்பதரை ஆகும். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், போலீஸ் வாசலிலேயே நிற்கும். மூன்று மணி நேரம் காத்திருந்த குழுவுக்கு அரை மணி நேரம். பெண் கலைஞர்கள் உடை மாற்ற ஒரு அறை கிடையாது. திரும்பிப்போகக் கடைசிப் பஸ்ஸும் போயிருக்கும். மேடையில் நன்றியுரையில் கவுன்சிலர் பெயர் வரும், பறை அடித்தவர் பெயர் வராது. 'ரோலிங் ஸ்டோன்' அட்டையில் அறிவு இல்லை என்று கொதித்த நாம், நம் சொந்த நோட்டீஸில் 'மற்றும் கலைநிகழ்ச்சி' என்று ஒரு வரியில் முடிக்கிறோம். நானும் அப்படி அச்சடித்திருக்கிறேன். ஒரு முறை இல்லை.

மில் தம்பி சொன்ன 'வித்துட்டாங்க' என்ற வார்த்தை அதனால்தான் எனக்கு உறுத்தியது. நாம் கூலி கொடுக்காத கலைஞன் கம்பெனிக்குப் போகாமல் எங்கே போவான்? அவன் போகிறபோது கூட ஒருவர் போய் ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டினோமா? பத்துப் பக்க ஆங்கிலத்தில் 'மாஸ்டர்' என்பது பதிவின் உரிமை, அதை விற்றால் அந்தக் குரலையே விற்ற மாதிரி என்று சொன்னோமா? வரியும் மெட்டும் எழுதியவர்கள் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகி ராயல்டி வாங்கலாம் என்று சொன்னோமா? அறிவு 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று தன் பாட்டியின் பெயரையே தலைப்பாக வைத்துத் தொகுப்பு கொண்டுவந்தார். பெயரை அட்டையிலேயே எழுதிவிட்டால் அதை யாராலும் அழிக்க முடியாது என்று நினைத்திருப்பாரோ என்னவோ, எனக்கு அப்படித்தான் பட்டது.

நேற்று வக்கீல் தம்பி போன் பண்ணினான். செம்பட்டிப் பக்கம் அவன் அப்பத்தா ஒருத்தி, எண்பதைத் தாண்டியவள், நடவுப்பாட்டும் ஒப்பாரியும் விடிய விடியப் பாடுவாளாம். போனில் பதிவு பண்ணி ஏற்றலாமா என்று கேட்டான். பதிவு பண்ணு, முதலில் அப்பத்தாவிடம் கேள் என்றேன். எந்தப் பாட்டு யாரிடம் கற்றது என்று அவளையே சொல்லச் சொல், அதையும் பதிவு பண்ணு. தேதி, ஊர், அவள் பெயர், கூடப் பாடினவர்கள் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுது. காசு வந்தால் யாருக்கு எவ்வளவு என்று எழுது. அவளுக்குப் படித்துக் காட்டு. பிறகு கைநாட்டு.

"அண்ணே, சொந்த அப்பத்தாகிட்டயே பத்திரமா?" என்று சிரித்தான்.

ஆமாம் என்றேன். வருகிற சனிக்கிழமை போகிறோம். மில் தம்பிக்கு நைட் ஷிப்ட் முடிந்து வரணும், அதனால் காலை பத்து மணி. ரெக்கார்டர் வைத்திருக்கிற தோழர்கள் யாராவது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். அப்பத்தாவுக்கு வெற்றிலை வாங்கிக்கொள்வது என் பொறுப்பு.

ஜெய்பீம்.